குண்டுக்குள் ஒரு பிடி புல்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இந்தக் காட்டில் ராஜா யார் என்பதில்தான் சண்டையே. ஆகவே, ஒரு காட்டில் வடக்கு மேட்டில் ஓநாய்ப் படையும் தெற்கு மேட்டில் செந்நாய்ப் படையும் இருந்தன என்று தொடங்கிவிடுகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு புல்வெளி. அங்கே வளை தோண்டி முயல்கள் குடியிருந்தன.

சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். முயல்களை யார் பாதுகாப்பது என்பதற்குத்தான். "முயல்கள் எங்கள் கண்மணிகள், அவர்களைச் செந்நாய்களிடமிருந்து காப்பாற்றியே தீருவோம்" என்றார் ஓநாய்த் தளபதி. "முயல்கள் எங்கள் உடன்பிறப்புகள், அவர்களை ஓநாய்களிடமிருந்து மீட்டே தீருவோம்" என்றார் செந்நாய்த் தளபதி. இவ்வளவு பாசத்தை ஒரே நேரத்தில் தாங்குவதற்கு முயல்களுக்குத் தெம்பு இல்லை. அவற்றை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இரண்டு படைக்கும் ஒரே ஆயுதம். பச்சை மூங்கிலை வளைத்துக் கொடியால் இழுத்துக் கட்டுவார்கள். நுனியில் தேங்காய் அளவு மண் குண்டை வைப்பார்கள். கொடியை அறுத்துவிட்டால் குண்டு விர்ரென்று பறக்கும். விழுந்த இடத்தில் உடைந்து, உள்ளே அடைத்த காரைமுள் நாலாபக்கமும் தெறிக்கும். புல்வெளியில் செந்நாய் ஒளிந்திருக்கிறது என்று ஓநாய்கள் சுடும். ஓநாய் ஒளிந்திருக்கிறது என்று செந்நாய்கள் சுடும். ஒளிந்திருந்தவை என்னவோ முயல்கள் மட்டும்தான். இரண்டு படையும் மாறி மாறி மிதித்ததில் புல் வேரோடு போய், புல்வெளி பெயருக்குத்தான் புல்வெளி.

அங்கே செவந்தி என்று ஒரு பெண் முயல் இருந்தாள். புல் தேடிப் போன அவள் புருஷன் தலையில் குண்டு விழுந்து செத்துப்போனான். செந்நாய்கள் செய்த இந்தக் கொடுமைக்கு ஓநாய்கள் வருத்தம் தெரிவித்தன. ஓநாய்கள் செய்த இந்தக் கொடுமைக்குச் செந்நாய்கள் வருத்தம் தெரிவித்தன. தாங்கள் செய்ததற்கு வருந்த இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

செவந்திக்கு மூன்று குட்டிகள். மூன்றும் பால் மறந்து புல் தின்ன வேண்டிய வயது. வேரையும் காய்ந்த பட்டையையும் மென்று கொடுத்துப் பார்த்தாள். மூத்தது இரண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது விழுங்கின. கடைக்குட்டி பொடியன் விழுங்கவில்லை. காதை மடித்துப் போட்டுக்கொண்டு வளையின் மூலையில் படுத்தவன்தான். பசுமையாக ஒரு வாய் கிடைக்காவிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏரிக்கு அக்கரையில் நாரைகள் நிவாரணச் சங்கம் என்று ஒன்று இருந்தது. நல்லவர்கள். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர்கள். யார் பக்கமும் சாயக் கூடாது என்பதற்காக எப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்பார்கள். இரண்டு காலையும் ஊன்றினால் ஏதோ ஒரு கால் யாருடைய பக்கமோ கொஞ்சம் அதிகமாகப் பதிந்துவிட்டது என்று புகார் வருமாம். அதன் தலைவர் நெடுங்காலனார் ஏரிக்கரைப் புல்லையெல்லாம் அறுத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, முயல்களுக்கென்று அனுப்பி வைத்தார்.

புல் வந்தது. சோதனைச் சாவடி வரைக்கும் வந்தது.

முதல் சாவடி ஓநாய்களுடையது. அங்கே ஒரு விதி. நீளமான புல்லை முறுக்கினால் கயிறாகும், கயிறு இருந்தால் மூங்கிலை இழுத்துக் கட்டலாம், ஆகவே நீளப் புல் ஒரு போர்க்கருவி. ஓநாய்க் காதளவுக்கு மேல் நீளமான புல் உள்ளே போகக் கூடாது. நாரைகள் உட்கார்ந்து எல்லாக் கட்டையும் பிரித்துக் காதளவுக்கு நறுக்கின. நாரை எங்கே உட்காரும், நின்றபடியேதான் நறுக்கின. அடுத்த சாவடி செந்நாய்களுடையது. அங்கே இன்னொரு விதி. பொடிப் புல்லுக்குள் முள்ளை ஒளித்துவைக்கலாம், ஆகவே பொடிப் புல் ஒரு போர்க்கருவி. வாலளவுக்குக் குறைந்த புல் உள்ளே போகக் கூடாது. வாலளவு என்றால் முயல் வாலா என்று ஒரு நாரை ஆசையோடு கேட்டது. செந்நாய் வால் என்றார்கள்.

காதைவிடக் குட்டையாகவும் செந்நாய் வாலைவிட நீளமாகவும் இருக்கிற புல்லை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. நெடுங்காலனார் மனம் தளரவில்லை. புல் நீளம் பற்றி ஒரு கருத்தரங்கு கூட்டினார். தூர தேசத்துக் கொக்குகள் எல்லாம் வந்து பேசின. மூன்று வேளையும் மீன் போட்டார்கள். சாவடியில் நின்ற புல் காய்ந்தது, பிறகு மழையில் ஊறியது, பிறகு அழுகியது.

செவந்தி சாவடி வேலி வரைக்கும் தத்தித் தத்தி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நெடுங்காலனார் நின்றிருந்தார்.

"ஐயா, புல்லு எப்பங்க வரும்? என் கடைசிப் பய கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறான்" என்றாள்.

நாரையார் கண் கலங்கினார். "அம்மா, எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் இன்றைய நிலையில் புல்வெளிக்குள் எதுவுமே போக முடியாது. ஈ எறும்புகூட அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர்கள் தலைக்கு மேலே விர்ரென்று ஒரு குண்டு போயிற்று. புல்வெளி நடுவில் விழுந்து உடைந்தது. செவந்தி அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது மட்டும் எப்படிங்க ஐயா உள்ள வருது?"

நாரையாரும் குண்டு விழுந்த திசையைப் பார்த்தார். "அது வேறு துறை அம்மா" என்றார்.

செவந்தி வளைக்குத் திரும்பினாள். வழியெல்லாம் அவள் மண்டைக்குள் இதே ஓட்டம்தான். காலையில் குண்டு வருகிறது, மத்தியானம் வருகிறது, சாயங்காலம் வருகிறது. மழை என்று நின்றதில்லை, திருவிழா என்று நின்றதில்லை. வாசல் தேடி வருகிறது. எந்தச் சாவடியிலும் யாரும் அதைப் பிரித்து நீளம் பார்ப்பதில்லை. இந்தக் காட்டிலேயே சொன்னபடி வந்து சேருகிற சாமான் அது ஒன்றுதான்.

குண்டு செய்கிற பட்டறை மலையடிவாரத்தில் இருந்தது. முதலாளி ஒரு சாணி வண்டு. உருண்டை உருட்டுவது அவர்கள் குலத்தொழில். வடக்கு வாசல் வழியாக ஓநாய்களுக்கு ஒரு வண்டி போகும், தெற்கு வாசல் வழியாகச் செந்நாய்களுக்கு ஒரு வண்டி போகும். நடுநிலை என்றால் இவர்தான் நடுநிலை, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கவில்லை, ஆறு காலையும் அழுத்தி ஊன்றியிருந்தார். குண்டுக்குள் முள் அடைக்கச் சின்னக் கையாகத் தேவைப்பட்டது. முயல் பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டார். படை வேலைக்குப் போகிறவர்கள் என்று சாவடியில் வழி விட்டார்கள். சாயங்காலம் திரும்பும்போது மட்டும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், ஒரு புல் இதழ்கூடக் கொண்டுபோகக் கூடாது.

செவந்தி வேலைக்குச் சேர்ந்தாள். பட்டறைக் கொல்லையில் புல் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது. குண்டு ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வண்டியில் பரப்புவதற்கு வளர்த்த புல். குண்டு நோகக் கூடாதாம். வண்டி மேட்டில் ஏறும்போது ஓநாய்ச் சிப்பாய்கள் இறங்கித் தோள் கொடுத்தார்கள். "மெதுவாப்பா, பள்ளம் பாத்து ஓட்டு" என்று கெஞ்சினார்கள். வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று தேக்கிலை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். செவந்திக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. அவள் குட்டிகளுக்கு இந்தக் காட்டில் யாரும் ஒரு இலை பிடித்ததில்லை.

மறுநாள் அவள் முள்ளை எடுக்கவில்லை. கொல்லைப் புல்லை ஒரு பிடி பறித்து, நசுக்கி, சுருட்டி, குண்டுக்குள் திணித்தாள். மண்ணையும் நன்றாகக் காயவிடாமல் மெத்தென்று பூசினாள். பக்கத்திலிருந்த முயல் பெண்கள் பார்த்தார்கள். அவர்களும் முள்ளை ஒதுக்கிவிட்டுப் புல்லைப் பறிக்கப் போனார்கள். அவர்களுக்கும் குட்டிகள் இருந்தன.

முதலாளி வண்டு சும்மா இருக்குமா? ஒரு குண்டை உருட்டிப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டது. உடைத்தது. உள்ளே பச்சைப் புல்.

"என்னம்மா இது?" என்றது வண்டு.

செவந்தி உடைந்த குண்டைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. "என் புள்ளைக்குங்க" என்றாள்.

வண்டு கதவைப் பார்த்தது, கொல்லையைப் பார்த்தது. "முள்ளு காட்டுலேருந்து வரணும். குத்துதுன்னு முள்ளு வெட்டுறவன் கூடக் கூலி கேக்கிறான். புல்லு நம்ம கொல்லையிலேயே கெடக்கு" என்றது. "குண்டு ஆளைக் கொன்னுச்சுன்னா, எதிராளி பழிவாங்க இன்னும் குண்டு கேப்பான். கொல்லலைன்னா, சுட்டவனே இன்னும் கேப்பான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா கனம் கொறையக் கூடாது, தண்ணி தெளிச்சு அடைங்க."

அன்று சாயங்காலம் ஓநாய் மேட்டிலிருந்து கிளம்பிய குண்டு புல்வெளியில் விழுந்து, சோற்று உருண்டை பிட்டுக்கொண்டதைப் போல இரண்டாகப் பிரிந்தது. செவந்தி உள்ளே இருந்ததை வாரி எடுத்துக்கொண்டு வளைக்குள் ஓடினாள். பொடியன் மூக்கருகே பிடித்தாள். மூக்கு ஆடியது. பிறகு வாய் ஆடியது. மண் வாடையோடு இருந்த அந்தப் புல்லை அவன் மென்றபோது செவந்திக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவள் அவன் முதுகை நக்கிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு புல்வெளியில் நடந்ததைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். குண்டுச் சத்தம் கேட்டால் வளைக்குள் ஓடிய முயல்கள் இப்போது வளையைவிட்டு வெளியே ஓடின. ஓநாய் மேட்டுக் குண்டில் அறுகு அதிகம், செந்நாய் மேட்டுக் குண்டில் கோரை அதிகம் என்று தரம் பிரித்தன. மேட்டிலிருந்து பார்த்த தளபதிகள் இருவருக்கும் நெஞ்சு விம்மியது. "நம்முடைய குண்டை வரவேற்க ஓடி வருகிறார்கள். மக்கள் நம் பக்கம்தான்" என்று இருவரும் தனித்தனியே சொல்லிக்கொண்டு, சுடுவதை இரட்டிப்பாக்கினார்கள். முயல்கள் கொழுகொழுவென்று ஆயின. பொடியன் மண் மேட்டில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தான்.

நெடுங்காலனாரும் வேலிக்கு வெளியே நின்று இந்தக் கொழுத்த முயல்களைப் பார்த்தார். சாவடியில் அழுகிய புல்லையும் பார்த்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியது பிடிக்கவில்லை. கருத்தரங்கு பலன் கொடுக்க ஆரம்பித்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். ஏரிக்கரையில் அவருக்குச் சிப்பி மாலை போட்டார்கள். அந்த உற்சாகத்தில் அவர் இரண்டு தளபதிகளையும் கையோடு கை சேர்த்து, சண்டையை நிறுத்தியே விட்டார்.

சமாதானம் வந்தது. இரண்டு மேட்டிலும் மூங்கில்களுக்குப் பூச்சுற்றினார்கள். அன்றோடு குண்டு நின்றது. பட்டறையைப் பூட்டினார்கள். முயல் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாவடிகள் மட்டும் அப்படியே இருந்தன, சமாதானத்துக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே. புல் நீளம் பற்றிய விவகாரத்தைச் சமாதானக் குழுவுக்கு மாற்றினார்கள். குழுவில் யார் யார் இருப்பது என்பதை முடிவு செய்ய இன்னொரு குழு போட்டார்கள்.

முயல்கள் மண் மேட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வானம் நிர்மலமாக இருந்தது. அதைப்போல ஒரு கொடுமையான வானத்தை அவை பார்த்ததே இல்லை. பொடியனின் துள்ளல் முதலில் நின்றது. பிறகு காது மடிந்தது. மறுபடியும் அதே மூலையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

செவந்தி மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வேலிக்குப் போனாள். நெடுங்காலனார் மாலையும் கழுத்துமாக வந்தார்.

"ஐயா, எங்களை மறுபடி சுடச் சொல்லுங்க" என்றாள்.

நாரையார் ஆடிப்போனார். தூக்கி வைத்திருந்த கால் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிட்டது. "என்னம்மா பேசுகிறீர்கள்? நீங்கள் பொதுமக்கள். சமாதானம்தானே நீங்கள் கேட்க வேண்டியது?"

"சமாதானம் நல்லதுதாங்க. ஆனா அதுல புல்லு இல்லீங்களே. குண்டுலதான இருந்துச்சு" என்ற செவந்தி, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கேட்கக் கேட்க நாரையாரின் முகம் சிறுத்தது. "அம்மா, நீங்கள் செய்தது பெரிய தவறு. ஆயுதத்துக்குள் நிவாரணத்தை வைப்பதா? நம் கொள்கை என்ன ஆவது? ஆயுதத்தைத் தின்றவர்களைப் பொதுமக்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் இதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டேன். நீங்களும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். குழு அமையும் வரை பொறுத்திருங்கள்."

"என் பய பொறுக்க மாட்டான் ஐயா."

"அவனுக்காக நாங்கள் மிகவும் வருந்துகிறோம்" என்றார் நாரையார். உண்மையிலேயே வருந்தினார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதை வைத்துக்கொண்டு செவந்தி என்ன செய்வாள்?

மறுநாள் மத்தியானம் தெற்கு மேட்டில் சமாதான விருந்து. ஓநாய்களும் செந்நாய்களும் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டன. இலையில் என்ன பரிமாறினார்கள் என்று முயல்கள் விசாரிக்கவில்லை, சில விஷயங்களை விசாரிக்காமல் இருப்பதே மரியாதை. வடக்கு மேட்டில் காவலுக்கு விட்டுப்போன இரண்டு கிழ ஓநாய்கள் உண்ட மயக்கத்தில் குறட்டை விட்டன. அங்கே ஒரு மூங்கில் வளைத்துக் கட்டியபடியே நின்றது. போர் நினைவுச் சின்னம் என்று அதன்மேல் ஒரு குண்டையும் வைத்து, குண்டுக்கும் மாலை போட்டிருந்தார்கள். பட்டறையில் கடைசியாகச் செய்த குண்டு. செவந்தியே அடைத்தது.

அவள் புதர் புதராகப் பதுங்கி மேடேறினாள். முயல் எவ்வளவு சாது என்று உங்களுக்குத் தெரியும். இலை உதிர்ந்தால் ஓடுகிற ஜாதி. ஆனாலும் அவள் திரும்பி ஓடவில்லை. தான் செய்யப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதலாளி வண்டு மறுபடி முள் வாங்க நினைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். புருஷன் விழுந்த இடம் அங்கிருந்தே தெரிந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே பொடியன் படுத்திருக்கிற வளையும் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கொடியில் பல்லை வைத்துக் கடித்தாள்.

மாலை போட்ட குண்டு விர்ரென்று போய் விருந்துப் பந்தலின் நடுவில் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாருடைய தலையிலும் பச்சைப் புல். ஆனால் விழுந்தது என்ன என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுதான் பார்த்தார்கள். "துரோகம்" என்றார் செந்நாய்த் தளபதி. "சதி" என்றார் ஓநாய்த் தளபதி. தங்கள் மேட்டிலேயே யாரோ புகுந்து சுட்டுப் பழியைத் தங்கள்மேல் போடுகிறார்கள் என்று அவருக்கு அந்தக் கணமே முழு நம்பிக்கை வந்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த நெடுங்காலனாரின் மூக்கில் ஒரு புல் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் அதை எடுத்து உற்றுப் பார்த்தார். காதைவிட நீளம், வாலைவிடக் குட்டை, இரண்டு விதிக்கும் பொருந்தவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டுப் பறந்து போனார்.

இரண்டு படையும் தங்கள் தங்கள் மேட்டுக்கு ஓடின. மூங்கில்களிலிருந்து பூவைப் பிய்த்து எறிந்தன. பட்டறை திறந்தது. முயல் பெண்கள் புல் அடைத்து, கிடங்கில் மிச்சமிருந்த பழைய குண்டுகள் முதலில் வண்டியேறின.

சாயங்காலம் முதல் குண்டு புல்வெளியில் விழுந்தது. பிறகு இரண்டாவது. பிறகு எண்ண முடியவில்லை. முயல்கள் ஓவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடின. செவந்தி வாய் நிறையக் கொண்டுவந்து பொடியன் முன்னால் போட்டாள். அவன் ஒரு இதழ், இரண்டு இதழ் என்று ஆரம்பித்து, பிறகு எழுந்து உட்கார்ந்து தின்றான். அண்ணன்கள் அவன் பங்கில் கை வைத்தார்கள், அவன் உதைத்தான். செவந்தி பார்த்துக்கொண்டே அழுதாள். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் பிள்ளை உதைக்கிறான்.

"அம்மா, நாளைக்கும் நம்மளச் சுடுவாங்களா?" என்று கேட்டான் பொடியன், வாயில் புல்லோடு.

"சுடுவாங்க சாமி. நீ சாப்பிடு" என்றாள் செவந்தி.

நீதி: பட்டினி கிடப்பவர்களுக்கு உதவி செய்ய நினைக்கிற நல்லவர்களே, சோற்றைச் சாவடி வழியாக அனுப்பாதீர்கள். அவர்கள்மேல் சுடச் சொல்லுங்கள். போகிற வழியில் ஒருவரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.